பாட்டிலில் அடைத்த பியருக்கு ஏற்ற வெப்பநிலை: வீட்டுக்குள் நான்கு இடங்கள்

ஜனவரி மாதத்து லண்டனில், பழைய வரிசை வீடு ஒன்றின் உள்ளேயே நான்கு பருவங்களைக் காணலாம். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் 27 டிகிரி செல்சியஸ். ஹீட்டர் ஓடும் முன்னறையில் 20. மாடிப்படிக்கு அடியிலுள்ள சாமான் அறையில் 14. வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் 6. வீட்டில் காய்ச்சிய பியரில் சர்க்கரை கலந்து, பாட்டிலில் ஊற்றி, மூடியை அழுத்தி முடித்த பிறகு, அவற்றை இந்த நான்கில் எங்கே வைப்பது என்பது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்று, இரண்டு வாரம் நொதிக்கவிட்டு, ஒவ்வொரு பாட்டிலாகக் கழுவி நிரப்பிய உழைப்பு நுரை பொங்கக் கோப்பையில் இறங்குமா, சப்பென்று இறங்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்தக் கடைசி முடிவுதான்.

(பிரிட்டனில் 1963 ஆம் ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் உரிம விதியை நீக்கியதிலிருந்து, விற்காமல் சொந்தத் தேவைக்கு மட்டும் பியர் காய்ச்சுவதற்குத் தடையில்லை. தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இதற்கு அனுமதி கிடையாது என்பதை ஊரிலிருந்து படிப்பவர்கள் நினைவில் கொள்ளவும்.)

பாட்டிலுக்குள் நடப்பது ஒரு சிறிய இரண்டாம் நொதித்தல். முதல் நொதித்தல் முடிந்த பியரில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஈஸ்ட் மிதந்துகொண்டிருக்கும். அதற்குப் புதிதாகக் கொஞ்சம் சர்க்கரை கொடுத்து மூடியைப் போட்டுவிட்டால், அது சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது. வெளியேற வழியில்லாததால் வாயு பியரிலேயே கரைகிறது. ஒரு கிராம் வெள்ளைச் சர்க்கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிராம் வாயு கிடைக்கும். ஒரு லிட்டர் பியரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருப்பதை ஒரு கன அளவு என்று கணக்கிடுவது வழக்கம். அதற்குச் சுமார் 4 கிராம் சர்க்கரை போதும். பிட்டர் என்ற ஆங்கிலேயப் பியர் வகைக்கு 1.5 முதல் 2 கன அளவும், பேல் ஏலுக்கு (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் ஏல் இனத்தின் வெளிர்நிற வகை) 2.4 அளவிலும், ஜெர்மானியக் கோதுமை பியருக்கு 3-க்கு மேலும் வைப்பார்கள்.

வெப்பநிலை மாற்றுவது வாயு உண்டாகும் வேகத்தைத்தான். ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் தின்று முடிக்கும் வரை பொறுத்திருந்தால், 27 டிகிரியில் வைத்த பாட்டிலிலும் 14 டிகிரியில் வைத்த பாட்டிலிலும் உண்டாகும் வாயுவின் மொத்த அளவு ஒன்றே. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நேரும் தவறு ஒன்றைப் புதிதாகக் காய்ச்சுபவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். எவ்வளவு சர்க்கரை சேர்க்க வேண்டும் என்று சொல்லும் கணிப்பான்கள் எல்லாமே பியரின் வெப்பநிலையைக் கேட்கும். அந்த இடத்தில் பாட்டிலை வைக்கப்போகும் அறையின் வெப்பநிலையையோ, குடிக்கப்போகும் வெப்பநிலையையோ பலர் இட்டுவிடுகிறார்கள். கணிப்பான் உண்மையில் கேட்பது, நொதித்தல் முடிந்த பிறகு அந்தப் பியர் தொட்ட மிக உயர்ந்த வெப்பநிலை. குளிர்ந்த பியர் அதிக வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வெதுவெதுப்பானது விட்டுவிடும் என்பதால், சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே பியரில் எவ்வளவு வாயு தங்கியிருக்கிறது என்பதை அந்த எண்ணைக் கொண்டுதான் அது ஊகிக்கிறது. 20 டிகிரியில் நொதித்து முடித்த பியரில் 0.86 கன அளவு தங்கியிருக்கும். 4 டிகிரியிலேயே நொதித்திருந்தால் அது 1.5-ஐ ஒட்டி இருந்திருக்கும். 20 லிட்டர் பேல் ஏலுக்கு 2.4 கன அளவு வேண்டுமென்றால் முதல் கணக்கில் சுமார் 118 கிராம் சர்க்கரை வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குடிக்கப்போகிறோம் என்று 4 டிகிரியைக் கொடுத்தால் கணிப்பான் 70 கிராம்தான் சொல்லும். அப்படி அடைத்த பியரை அதன்பிறகு எந்த அறையில், எத்தனை மாதம் வைத்தாலும் அது பேல் ஏலுக்குரிய நுரைக்கு வராது.

ஆகவே மூன்று வெப்பநிலைகளைத் தனித்தனியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைக் கணக்குக்கானது பழைய வெப்பநிலை; அது முடிந்துபோன ஒன்று. அடுத்தது, வாயு உண்டாகும் வாரங்களுக்கானது. மூன்றாவது, வாயு நிறைந்த பிறகு சுவை முதிர்வதற்கானது. நான்கு அறைகளை ஒப்பிடும்போது பலருக்கும் குழப்பம் வருவது, பின்னுள்ள இரண்டுக்கும் ஒரே இடத்தைத் தேடுவதால்தான்.

சென்ற குளிர்காலத்தில் ஒரே பியரைப் பிரித்து நான்கு இடங்களிலும் வைத்துப் பார்த்தேன். மாரிஸ் ஆட்டர் என்ற பார்லியின் மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியம்) காய்ச்சிய, 4.5 விழுக்காடு மதுசாரம் உள்ள பேல் ஏல். ஈஸ்ட் எஸ்-04 என்ற ஆங்கிலேய வகை. 19 லிட்டருக்கு 110 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துக் கலந்து, அரை லிட்டர் அளவில் 38 பாட்டில்கள் நிரப்பினேன். அவற்றில் நான்கு மட்டும் பிளாஸ்டிக், இடத்துக்கு ஒன்று. கண்ணாடி பாட்டில் தன் உள்ளே நடப்பதைச் சொல்லாது. பிளாஸ்டிக் பாட்டிலோ விரலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்: முதல் நாள் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், பிறகு ரப்பர் பந்து போல எதிர்க்கும், கடைசியில் கல் போல இறுகி நிற்கும். யார் எந்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்தாலும், ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைச் சேர்த்து நிரப்பச் சொல்வேன்.

வெந்நீர்த் தொட்டி அலமாரி எங்கள் வீட்டில் ஏற்கெனவே பழக்கப்பட்ட இடம். குளிர்காலத்தில் தோசை மாவு பொங்குவதற்கு அதைவிட்டால் வேறு வழியில்லை என்பது இங்கே வசிக்கும் தமிழர் பலருக்கும் தெரியும். அங்கே வைத்த பிளாஸ்டிக் பாட்டில் நான்காம் நாளே இறுகிவிட்டது. ஐந்தாம் நாள் ஆவலில் கண்ணாடி பாட்டில் ஒன்றைத் திறந்தபோது பெரிய சீறலுடன் பருத்த குமிழ்கள் எழும்பி, ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டன; கீழே இருந்த பியர் தட்டையாகவே இருந்தது. வாயு உண்டாகிவிட்டது, ஆனால் மூடிக்கும் பியருக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலேயே நின்றுவிட்டது, கரையவில்லை. பச்சை ஆப்பிளை நறுக்கியது போன்ற வாசமும் இருந்தது. அது ஈஸ்ட் பாதியில் விட்டுவைக்கும் அசிட்டால்டிஹைடு என்ற பொருளின் வாசம். ஈஸ்ட் தான் உண்டாக்கியதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளச் சில நாட்கள் தேவை. பன்னிரண்டாம் நாள் திறந்த பாட்டிலில் அந்த வாசம் இல்லை, நுரையும் நின்றது. எனவே வெப்பமான இடம் வாயுவை விரைவாகக் கொடுக்கும் என்பது உண்மை. ஒரு வாரத்தில் குடிக்கத் தயாராகிவிடும் என்பது அவ்வளவு உண்மையில்லை.

அந்த அலமாரியின் உண்மையான குறை பின்னால்தான் தெரியவந்தது. ஆறு பாட்டில்களை மூன்று மாதம் அங்கேயே விட்டுவைத்தேன். நிரப்பும்போது பாட்டிலுக்குள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிறிது ஆக்சிஜன் புகுந்துவிடும். ஈஸ்ட் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், மீதி பியரைக் கெடுக்கும். இப்படிக் கெடும் வேதிவினைகள் பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறும் என்பது பொதுவான கணக்கு. பன்னிரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) எலுமிச்சை வாசம் போய், தேன் போன்ற மந்தமான இனிப்பும், நனைந்த அட்டையின் வாசமும் வந்திருந்தன. வெளிச்சம் படாத இடம் என்பது அந்த அலமாரியின் நல்ல குணம். ஏனென்றால் ஹாப்ஸ் உள்ள பியரில் வெயில் பட்டால் வேறொரு துர்நாற்றம் உண்டாகும். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் அங்கே எதையும் வைக்கக் கூடாது என்பதே என் முடிவு.

முன்னறையின் 20 டிகிரியில் வைத்தவை அவசரமும் படவில்லை, சோம்பலும் காட்டவில்லை. பிளாஸ்டிக் பாட்டில் ஏழாம் நாள் இறுகியது. பத்தாம் நாள் திறந்தது குடிக்கும்படி இருந்தது, ஆனால் நுரை மெலிந்திருந்தது. பதினான்காம் நாள் திறந்தது நன்றாக இருந்தது. இருபத்தொன்றாம் நாள் திறந்ததை நான் யாருக்கும் தயங்காமல் ஊற்றிக் கொடுப்பேன். ஏல் ஈஸ்ட்டுகள் பெரும்பாலானவை 18 முதல் 22 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்பவை; முதல் நொதித்தலும் அதே வெப்பத்தில் நடந்திருந்தால் ஈஸ்ட்டுக்கு அது புதிய சூழலும் இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. சர்க்கரை சேர்த்ததால் உண்டாகும் சிறு நொதித்தலிலும் வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைல் கொஞ்சம் உருவாகும். அதை ஈஸ்ட் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு இந்த மிதமான வெப்பம் உதவுகிறது. இரவில் ஹீட்டரை நிறுத்தும்போது அறை 16-க்கு இறங்கும் என்ற கவலை எனக்கு இருந்தது. அட்டைப்பெட்டியில் பாட்டில்களை நெருக்கி அடுக்கி, மேலே பழைய கம்பளியைப் போர்த்தியதும் பெட்டிக்குள் ஏற்ற இறக்கம் ஒரு டிகிரிக்குள் அடங்கிவிட்டது. பத்து லிட்டர் பியர் ஒரே இடத்தில் இருந்தால் அது எளிதில் சூடாகவும் செய்யாது, குளிரவும் செய்யாது.

மாடிப்படிக்கு அடியிலுள்ள 14 டிகிரியைப் பலர் மிகவும் புகழ்வார்கள். இங்கிலாந்தின் பியர் நிலவறைகள் 11 முதல் 13 டிகிரி வரை இருப்பதால், பாரம்பரிய ஏலுக்கு அதுவே இயல்பான வீடு என்பது அவர்கள் வாதம். பக்குவமடைந்த பியரைப் பாதுகாப்பதற்கும் பரிமாறுவதற்கும் ஏற்ற வெப்பநிலை அது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புதிதாக அடைத்த பாட்டிலுக்கு அது மெதுவான பாதை. இரண்டாம் வாரம் திறந்தபோது இனிப்பு அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் பாட்டில் பதினாறாம் நாள்தான் எதிர்க்கத் தொடங்கியது. நான்கு வாரம் கடந்த பிறகே முன்னறைப் பாட்டிலின் தரத்தை எட்டியது. எட்டிய பிறகு அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குமிழ்கள் மெல்லியவையாகவும் வாசம் சுத்தமாகவும் இருந்தன. வேறு இடம் இல்லாதவர் ஐந்தாறு வாரம் பொறுக்கத் தயாராக இருந்தால் இதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஈஸ்ட் வகையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்-04 போல வேகமாகத் திரண்டு அடியில் படியும் வகைகள் 15 டிகிரிக்குக் கீழே விரைவில் உறங்கிப்போகும். மெதுவாகப் படியும் அமெரிக்க வகையான யுஎஸ்-05 இந்த இடத்தில் நம்பகமாக வேலை செய்கிறது.

கார் கொட்டகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வாரம் கழித்தும் பிளாஸ்டிக் பாட்டிலில் குழி விழுந்தது, பியரில் இனிப்பு, அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு போல இறுகிய மண்டி. பாட்டில்களை உள்ளே கொண்டுவந்து, தலைகீழாகக் கவிழ்த்து மண்டியை மெதுவாகக் கலக்கி, முன்னறையில் இரண்டு வாரம் வைத்ததும் அவை பிழைத்துக்கொண்டன. குளிர் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. நுரை வராத பாட்டிலைக் கொட்டிவிட நினைப்பவர்கள் அதற்கு முன் இந்த ஒரு வழியைச் செய்து பார்க்க வேண்டும்.

இந்த உறக்கத்தில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பவர் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புவேன். முதல் நொதித்தல் குளிரால் பாதியில் நின்றிருக்கும்போது, அது முடிந்துவிட்டது என்று நம்பிப் பாட்டிலில் அடைத்தால், குளிர்ந்த இடத்தில் இருக்கும் வரை ஒன்றும் நேராது. கோடையில் அறை சூடானதும் ஈஸ்ட் விழித்து, நாம் சேர்த்த சர்க்கரையோடு மால்ட்டில் மிஞ்சிய சர்க்கரையையும் தின்னத் தொடங்கும். தண்ணீரை 1.000 என்று வைத்துப் பியரின் அடர்த்தியைக் காட்டும் அடர்த்திமானியில் 0.001 இறங்கினாலே ஏறத்தாழ அரை கன அளவு வாயு கூடும், 1.010-இல் முடிய வேண்டிய பியரை 1.014-இல் அடைத்தால் 2.4-க்குப் பதில் 4.4 கன அளவு. சாதாரண ஏல் பாட்டில்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, வெடிக்கும். வெப்பம் அழுத்தத்தையும் நேரடியாகக் கூட்டுகிறது: 2.5 கன அளவு வாயு உள்ள பாட்டிலில் அழுத்தம் 4 டிகிரியில் சுமார் 0.8 பார், 20 டிகிரியில் 1.9, 30 டிகிரியில் 2.6-ஐத் தாண்டும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரிலுள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் கூரைக்கு அடியிலுள்ள பரண் எவ்வளவு சூடாகும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று நாள் தொடர்ந்து அளந்து அடர்த்தி மாறவில்லை என்று உறுதியான பிறகே பாட்டிலில் அடைப்பது, மூடிய பெட்டிக்குள் பாட்டில்களை வைப்பது, பிளாஸ்டிக் பாட்டில் அளவுக்கு மீறி இறுகினால் எல்லாவற்றையும் உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுவது ஆகிய மூன்றையும் நான் எந்த வெப்பநிலையிலும் விடுவதில்லை.

ஆகவே 5 விழுக்காட்டை ஒட்டிய வழக்கமான ஏலுக்கு என் தேர்வு இரண்டு கட்டமானது: முன்னறையில் 19 முதல் 21 டிகிரியில் மூன்று வாரம், பிறகு மாடிப்படிக்கு அடியில், 12 முதல் 14 டிகிரியில், குடித்து முடியும் வரை. பரிசோதனையில் இப்படி இடம் மாற்றிய பாட்டில்களையும், அலமாரியிலேயே விட்டவற்றையும் பன்னிரண்டாம் வாரம் அருகருகே ஊற்றி வைத்தேன். இடம் மாற்றியவை ஒளிரும் பொன்னிறத்தில் எலுமிச்சை வாசத்துடன் நின்றன. மற்றவை ஒரு படி கருத்து, வாசமின்றி இருந்தன. இரண்டு வெப்பநிலைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது வீட்டில் காய்ச்சுபவர்கள் மட்டும் கண்ட வழியும் இல்லை. பெல்ஜியத்தின் டூவெல் என்ற பியரின் பாட்டில்கள் சுமார் 24 டிகிரியில் உள்ள வெதுவெதுப்பான அறைகளில் முதலில் நொதித்து, அதன்பிறகே குளிர் அறைகளுக்குப் போகின்றன.

வலுவான பியருக்கு இந்தக் கணக்கைச் சற்று மாற்ற வேண்டும். 8 விழுக்காட்டுக்கு மேல் மதுசாரம் உள்ள பியரில் ஈஸ்ட் ஏற்கெனவே களைத்திருக்கும். 20 டிகிரி அதற்குப் போதாமல் போகலாம். அங்கே 22 முதல் 24 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம் கொடுப்பதும், பல மாதம் முதிர வைத்த பியராக இருந்தால் அடைக்கும்போது சிபிசி-1 போன்ற ஈஸ்ட்டைக் கொஞ்சம் புதிதாகச் சேர்ப்பதும் நல்லது. வெந்நீர்த் தொட்டி அலமாரியின் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் எங்கள் வீட்டில் இந்த வெப்பம் கிடைக்கிறது. அலமாரி இல்லாத புதிய வீடுகளில் ஃப்ரிட்ஜின் மேற்பகுதியைத் தொட்டுப் பார்க்கலாம். அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருப்பதுண்டு. அதுவும் இல்லையென்றால், மூடியுள்ள பிக்னிக் பெட்டியும் வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள சூட்டுப் பாயும் போதும்.

லேகர் காய்ச்சுபவர்கள் இதற்கு நேரெதிரான தவறைச் செய்கிறார்கள். லேகர் குளிரில் நொதிப்பது என்பதால் பாட்டிலையும் குளிரிலேயே வைக்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். டபிள்யூ-34/70 போன்ற ஈஸ்ட் 12 டிகிரியிலும் வாயுவைக் கொடுக்கும், ஆனால் மிக மெதுவாக. இவ்வளவு சிறிய அளவு சர்க்கரை 20 டிகிரியில் நொதிப்பதால் பழவாசம் எதுவும் கூடியதை நான் உணர்ந்ததில்லை. இரண்டு வாரம் முன்னறையில் வைத்து வாயு நிறைந்த பிறகு, ஒன்று இரண்டு மாதம் உறைநிலைக்குச் சற்று மேலே வைப்பதே லேகருக்குப் பொருந்தும். கொட்டகை உண்மையில் பயன்படும் இடம் அந்த இரண்டு மாதம்தான்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், குடிப்பதற்கு மூன்று நாள் முன்பு பாட்டிலை நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். குளிரில் வாயு நன்றாகக் கரைகிறது, பியரைக் கலங்கலாக்கும் புரதங்கள் திரண்டு கீழே இறங்குகின்றன, மண்டி பாட்டிலின் அடியோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் வைத்து மாலையில் திறந்த பாட்டிலையும் மூன்று நாள் வைத்ததையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே பியர் என்று நம்புவது கடினம். ஊற்றும்போது கோப்பையைச் சாய்த்து, கையை நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, மண்டி பாட்டிலின் தோள் பக்கம் வரும்போது நிறுத்திவிடலாம். கடைசி ஒரு விரற்கடை பியர் பாட்டிலிலேயே இருக்கட்டும்.